மறைந்த ராணிக்கு நினைவு நாணயம் டிசைன் பண்றது எப்படி: பென்சில்ல இருந்து டை வரைக்கும் முழு வழிகாட்டி

மறைஞ்ச ராஜா, ராணி உருவம் போட்ட கலெக்டர் காயின் டிசைன் பண்ணணும்னு வர்றவங்கள்ல முக்கால்வாசி பேர் முதல் நாளே முகத்துல கை வச்சிடறாங்க. ரெண்டு வாரம் கண்ணு மூக்குன்னு செதுக்கி அசத்தலா ஒரு முகம் பண்ணிட்டு வருவாங்க, அப்புறம் எழுத்துக்கு இடம் இருக்காது, அளவுக்குச் சுருக்கினா முகமே தெரியாது, பின்பக்கத்தோட சேர்த்து அடிச்சா முழுசா நிரம்பாது. முகம் கடைசியில வர்ற வேலைங்க. அதுக்கு முன்னாடி முடிக்க வேண்டியது நிறைய இருக்கு, அதை எந்த வரிசையில முடிக்கணும்ங்கறதுதான் இந்தப் பதிவு.

நான் மெடல், காயின் டைக்கு (உலோகத்துல உருவம் பதிக்கற எஃகு அச்சு) ரிலீஃப் மாடல் (தட்டைப் பரப்புல மேடா எழும்பற உருவம்) பண்றவன், புதுசா வர்றவங்களுக்குச் சொல்லிக் கொடுக்கறதும் நம்ம தலையிலதான் விழும். உதாரணத்துக்கு எடுத்துக்கிட்டது இரண்டாம் எலிசபெத் ராணியோட நினைவு 5 பவுண்ட். ராணி 2022 செப்டம்பர் 8ல இறந்தாங்க, அதே மாசம் 30ஆம் தேதி பிரிட்டனோட நாணயச் சாலையான ராயல் மிண்ட் டிசைனை வெளியில காட்டிடுச்சு. ஒரு பக்கம் மார்ட்டின் ஜென்னிங்ஸ் செதுக்கின சார்லஸ் ராஜா, மறுபக்கம் ஜான் பெர்க்டால் பண்ண ராணியோட ரெண்டு புது முகங்கள், பக்கத்துல பக்கத்துல. நெட்ல பெரிய படமா ஒண்ணு எடுத்து வச்சுக்கிட்டு படிங்க.

0. உக்கார்றதுக்கு முன்னாடி கையில இருக்க வேண்டியது

முதல்ல ஒரு நிஜ காயின். 5 பவுண்ட் காயின் 38.61 மி.மீ. விட்டம், 28.28 கிராம் எடை. இதே அளவுல கிரவுன்னு சொல்ற பழைய பிரிட்டிஷ் காயின்களும் உண்டு, 1965 சர்ச்சில் கிரவுன் கிட்டத்தட்ட 2 கோடி அடிச்சதால பழைய நாணயம் விக்கறவங்ககிட்ட சல்லிசா கிடைக்கும். ஒண்ணு வாங்கி மேஜையில போட்டுக்குங்க. ஸ்க்ரீன்ல ஜூம் பண்ணிப் பார்த்தே வேலை பண்றவங்களுக்கு அது எவ்வளவு சின்ன இடம்னு உறைக்கறதே இல்ல.

அப்புறம் பத்து மடங்கு பெருசாக்கற லென்ஸ், கழுத்து வளையற டேபிள் லேம்ப், டிஜிட்டல் காலிப்பர், கொஞ்சம் பிளாஸ்டிசின் களிமண், டிரேசிங் பேப்பர். சாஃப்ட்வேர்னா ஸீபிரஷ்ஷோ பிளெண்டரோ எது கைக்குப் பழக்கமோ அது. ப்ளாஸ்டர்ல கையால செதுக்கத் தெரிஞ்சா இன்னும் நல்லது, ரிலீஃப் புரியறதுக்கு அதை விடச் சிறந்த வாத்தியார் கிடையாது.

சட்ட விஷயத்தையும் இங்கயே முடிச்சிடுங்க. பிரிட்டன்ல 1971 நாணயச் சட்டப்படி காயின் டிசைன் அரச பிரகடனம் வழியாத்தான் செல்லும். இன்னொரு பக்கம், ஏதாவது ஒரு பொருளை விக்கறதுக்காக பிரிட்டிஷ் காயின் மாதிரியே போலி பண்றதை 1981 சட்டம் குற்றம்னு சொல்லுது. அதனால பயிற்சிக்குப் பண்றவங்க மதிப்பே போடாதீங்க. 5 பவுண்ட்ஸ்னு எழுதாம மெடலா பண்ணுங்க, வேலை ஒண்ணும் குறைஞ்சிடாது.

1. எந்த வகை நினைவுன்னு முடிவு பண்ணுங்க

இதைப் பேசாமலே வேலை ஆரம்பிக்கற டீம்தான் அதிகம். ஆனா எவ்வளவு வேலைங்கறது இதை வச்சுத்தான் இருக்கு. எலிசபெத் ராணிக்கே நாலு விதமா பண்ணாங்க.

ஒண்ணு மேல சொன்ன 5 பவுண்ட்: முழுக்கப் புது முகம், புது டிசைன். ரெண்டாவது ஆஸ்திரேலியா 2023ல பண்ணது: பழக்கமான உருவத்தையே வச்சு ஆட்சி வருஷம் 1952–2022னு மட்டும் சேர்த்தாங்க. மூணாவது கனடாவோட 2 டாலர், 2022 டிசம்பர்ல வந்தது: அதுல வெளி வளையத்தை மட்டும் கருப்பாக்கிட்டாங்க. துக்கத்துக்குக் கையில கட்டற கருப்புப் பட்டை ஞாபகத்துல, எந்த எழுத்தும் சேர்க்காம விஷயத்தைச் சொல்லியாச்சு, எனக்கு ரொம்பப் பிடிச்ச தீர்வு அது. நாலாவது பிரிட்டனோட நினைவு 50 பென்ஸ்: 1953 முடிசூட்டு விழா கிரவுனோட பின்பக்க டிசைனையே, நாலு கேடயமும் நடுநடுவுல ரோஜா, திஸில், ஷாம்ராக், லீக் செடிகளும் இருக்கறதை, மறுபடி எடுத்துப் போட்டாங்க.

அந்த 50 பென்ஸ்ல ஒரு சங்கடம் ஒளிஞ்சிருக்கு, பாருங்க. பழைய கிரவுன் வட்டம், டிசைன் நாலா பிரியுது. 50 பென்ஸுக்கு ஏழு பக்கம். நாலா பிரியற டிசைனை ஏழு பக்கத்துக்குள்ள உக்கார வச்சா ஓரத்துல மிச்சமாகற இடம் ஒவ்வொரு மூலையிலயும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். பழைய டிசைனை எடுத்துப் போடறதுதானே, அரை நாள் வேலைன்னு எஸ்டிமேட் கொடுக்காதீங்கன்னு சொல்றது இதுக்குத்தான்.

முதல் வகைன்னா மட்டும்தான் கீழ இருக்கற எல்லா ஸ்டெப்பும் வேணும். இனிமே அதையே வச்சுப் பேசறேன்.

2. உலோகமும் பினிஷும்

ஒரே டிசைன் பல உலோகத்துல வரும். செம்பு 75, நிக்கல் 25 சேர்ந்த குப்ரோநிக்கல்ல சாதா பதிப்பு, வெள்ளில ப்ரூஃப் (கண்ணாடி மாதிரி மினுக்கின கலெக்டர் பதிப்பு), அதே வெள்ளில இரட்டைத் தடிமன்ல பியட்ஃபோர்ட்னு 56.56 கிராம், 22 காரட் தங்கத்துல 39.94 கிராம்.

இதுல புதுசா வர்றவங்க தங்கப் பதிப்பை மனசுல வச்சு டிசைன் பண்ணிடறாங்க, விலை அதிகம்ல. தப்பு. தங்கமும் வெள்ளியும் மிருதுவா இருக்கும், டை பள்ளத்துக்குள்ள சுலபமா போயிடும். குப்ரோநிக்கல் முரண்டு பிடிக்கும். எந்த உலோகம் ரொம்ப முரண்டு பிடிக்குதோ அதுக்கு டிசைன் பண்ணுங்க, மத்ததுல தானா நல்லா வரும்.

இந்த ஸ்டெப்பை முகத்துக்கு அப்புறம் தள்ளி வச்சா, முடிஞ்ச மாடலை திரும்ப இறக்கி, தட்டையாக்கி, உயிரே போன மாதிரி ஆக்கிட வேண்டி வரும்.

3. யாரு எந்தப் பக்கம், எந்தப் பக்கம் பார்க்கறாங்க

முகப்புப் பக்கம் இப்ப ஆட்சியில இருக்கற ராஜாவுக்கு. மறைஞ்சவங்க பின்பக்கம் போயிடுவாங்க. நினைவு நாணயம்னா ராணிதான முன்னாடின்னு கேக்கறவங்க உண்டு, பிரிட்டன் காயின்ல அந்தப் பேச்சுக்கே இடம் இல்ல.

ரெண்டாம் சார்லஸ் காலத்துல இருந்து ஒவ்வொரு ராஜாவும் முந்தினவர் பார்த்த திசைக்கு எதிரா பார்க்கணும்ங்கறது வழக்கம். எலிசபெத் வலது பக்கம் பார்த்தாங்க, சார்லஸ் இடது பக்கம். நடுவுல எட்டாம் எட்வர்ட் மட்டும் தனக்கு இடது பக்கம்தான் அழகுன்னு அடம் பிடிச்சாரு, அவர் காயின் புழக்கத்துக்கு வர்றதுக்குள்ள பதவியை விட்டுட்டுப் போயிட்டாரு. அப்புறம் வந்த ஆறாம் ஜார்ஜ், எட்வர்ட் வலது பக்கம் பார்த்ததா கணக்கு வச்சு இடது பக்கம் பார்த்தாரு.

இந்த வழக்கம் முகப்புப் பக்கத்துக்குத்தான். பின்பக்கத்துல உங்களுக்குச் சுதந்திரம் இருக்கு. ஆனாலும் ராணியை எந்தப் பக்கம் திருப்பறதுன்னு இப்பவே எழுதி வச்சிடுங்க, ஏன்னா முகம் பார்க்கற பக்கம் கொஞ்சம் கூடுதலா காலி இடம் வேணும். மூக்கு போய் எழுத்துல முட்டற டிசைனை நிறைய பார்த்துட்டேன். முகம் முடிஞ்சதுக்கு அப்புறம் கண்ணாடி பிம்பமா திருப்பிக்கலாம்னு நினைக்காதீங்க, தலைமுடி வகிடு, உடுப்புல குத்தற ப்ரூச் எல்லாம் பக்கம் மாறிடும், ராணியை நல்லா தெரிஞ்சவங்க ஒரே பார்வையில பிடிச்சிடுவாங்க.

4. எந்த வயசு முகம்?

70 வருஷம் ஆட்சி பண்ணவங்களுக்கு முகம் ஒண்ணு இல்ல, பல. பிரிட்டன் காயின்லயே அஞ்சு உருவம், செதுக்கினவங்க பேரோட: 1953 மேரி கில்லிக், 1968 ஆர்னால்ட் மேச்சின், 1985 ராஃபேல் மக்லூஃப், 1998 இயன் ரேங்க்-பிராட்லி, 2015 ஜோடி கிளார்க். கில்லிக்கோடது கிரீடமே இல்லாம இலைமாலையோட இருக்கற இளம்பெண், ரேங்க்-பிராட்லியோடது வயசை மறைக்காத முகம்.

ரெண்டு வயசை எடுத்தா கதை சொல்லலாம், பெர்க்டால் அப்படித்தான் பண்ணாரு. மூணு எடுக்கணும்னு ஆசைப்படாதீங்க. மூணு தலை, அரண்மனை, நாய், குதிரைன்னு 38 மி.மீ.ல எல்லாமும் வேணும்னா கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசை கதைதான்.

ரெஃபரன்ஸ் சேர்க்கறப்ப கவனிக்க வேண்டியது:

ஒரே ஃபோட்டோவை டிரேஸ் பண்ணாதீங்க. ஃபோட்டோ எடுத்தவருக்கு உரிமை இருக்கு, அது ஒரு பக்கம். ஒரு ஃபோட்டோவுல தாடை எலும்பு எவ்வளவு முன்னாடி வருது, கன்னம் எங்க திரும்புதுன்னு தெரியவே தெரியாது, அது அதை விடப் பெரிய சிக்கல். அதே வயசுல பக்கவாட்டு, முக்கால் பக்கம், நேர்னு பல கோணம் சேருங்க. கிட்ட நின்னு எடுத்த படத்துல மூக்கு பெருசாகி காது பின்னாடி போயிடும், தூரத்துல இருந்து பெரிய லென்ஸ்ல எடுத்ததை எடுத்துக்குங்க.

நகையைத் தனியா பட்டியல் போடுங்க. மக்லூஃப், கிளார்க் உருவத்துல இருக்கற டயடம்ங்கற கிரீடம் 1820ல நாலாம் ஜார்ஜுக்காகச் செஞ்சது, அதுல நாலு சிலுவையும் நடுவுல ரோஜா, திஸில், ஷாம்ராக் கொத்துகளும் இருக்கும். மேச்சின் உருவத்துல இருக்கறது வேற டியாரா. இள வயசு முகத்துக்குப் பிந்தின கால நகையைப் போட்டு விட்டீங்கன்னா கலெக்டருங்க கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்துட்டு இருக்கறவங்க, விட மாட்டாங்க.

நம்ம ஊர்ல 2025 ஜூலையில கங்கைகொண்ட சோழபுரத்துல ராஜேந்திர சோழனுக்கு நினைவு நாணயம் வெளியிட்டாங்கல்ல, ஆயிரம் வருஷத்துக்கு முந்தின ராஜா, மூக்கு சரியில்லன்னு யாரும் வந்து கேக்க முடியாது. எலிசபெத் விஷயத்துல உலகமே அந்த முகத்தைப் பார்த்திருக்கு. அதனால ரெஃபரன்ஸுக்கு எடுத்துக்கற நேரத்துல கஞ்சத்தனம் வேண்டாம்.

5. எழுத்தை முதல்ல உக்கார வைங்க

ஆமா, படத்துக்கு முன்னாடி எழுத்து. படத்தைப் பெருசு சிறுசு பண்ணிக்கலாம், சட்டப்படி வர வேண்டிய எழுத்துல ஒரு எழுத்தைக் கூட குறைக்க முடியாது.

5 பவுண்ட் முகப்புல இருக்கறது இது: சார்லஸ்னு பேரு, மூணுன்னு ரோமன் எண், அப்புறம் டி, ஜி, ரெக்ஸ், எஃப், டி, 5 பவுண்ட்ஸ், 2022. டி ஜி ரெக்ஸ்னா கடவுள் அருளால ராஜா, எஃப் டின்னா மதத்தோட பாதுகாவலர், ரெண்டும் லத்தீன் சுருக்கம். இடம் பத்தலன்னு இதுல ஒண்ணைத் தூக்கினா என்ன ஆகும்னு 1849லயே பார்த்தாச்சு. விக்டோரியா ராணி காலத்து ஃப்ளோரின் காயின்ல டி ஜி விட்டுப் போச்சு, கடவுள் இல்லாத ஃப்ளோரின்னு பேரு வாங்கி, அடுத்த டிசைன்ல திரும்பச் சேர்த்தாங்க.

பின்பக்கத்துல வருஷம். இங்கதான் எல்லாரும் குழம்பறது. வாழ்ந்த காலமா, ஆண்ட காலமா? ராணி பிறந்தது 1926, அரியணை ஏறினது 1952 பிப்ரவரி 6, முடி சூடினது 1953 ஜூன் 2. பிரிட்டனோட நினைவு 5 பவுண்ட்ல 1926, 2022, வாழ்ந்த காலம். ஆஸ்திரேலியாவும், 2023 காயின்கள்ல கனடாவும் போட்டது 1952–2022, ஆட்சிக் காலம். ரெண்டும் சரிதான். ஆனா 1953–2022னு ஒரு டிரெய்னி போட்டுக்கிட்டு வந்தாரு, முடிசூட்டு விழா வருஷத்தையே ஆட்சி ஆரம்பம்னு நினைச்சுக்கிட்டு. ரொம்பச் சகஜமா வர்ற தப்பு இது, எத்தனை பேர் பார்த்தாலும் கண்ணுல படாமப் போயிடும், அதனால வருஷத்தை மட்டும் டிசைனுக்குச் சம்பந்தமே இல்லாத ஒருத்தர்கிட்ட கொடுத்து சரி பாருங்க.

எழுத்து சைஸ் விஷயத்துல நான் வச்சிருக்கற கணக்கு: நிஜ அளவுல எழுத்து உயரம் 1 மி.மீ.க்கு கீழ போகாம பார்த்துக்கறது. அதுக்குக் கீழ போனா ஏ, பி, ஆர் மாதிரி உள்ள ஓட்டை இருக்கற ஆங்கில எழுத்துகள் அடைச்சுக்கும். கம்ப்யூட்டர் ஃபாண்டை வளைச்சு அப்படியே போடவும் போடாதீங்க. வளைவுல போறப்ப எழுத்தோட மேல்பக்கம் விரியும், கீழ்ப்பக்கம் நெருங்கும், இடைவெளியை ஒவ்வொண்ணா கண்ணால பார்த்துத்தான் சரி பண்ணணும். இதுக்கு ஷார்ட்கட் கிடையாது.

6. நிஜ சைஸ்ல பென்சில்

எழுத்து உக்காந்ததும் மிச்சம் இருக்கற இடத்தை டிரேசிங் பேப்பர்ல 38.61 மி.மீ. வட்டமா வரைஞ்சு, அதுக்குள்ள பத்து பதினைஞ்சு சின்னச் சின்ன ஸ்கெட்ச் போடுங்க. பெருசா வரைஞ்சு சுருக்கக் கூடாது, சின்னதாவே வரையணும். பென்சில் முனையால வரைய முடியாத விவரம் உலோகத்துல தேறாதுன்னு வச்சுக்குங்க. தேறின ஒண்ணை மட்டும் பெருசாக்கிச் சுத்தமா வரைங்க.

அந்தப் பெரிய டிராயிங்கைத் திரும்ப நிஜ அளவுல பிரிண்ட் எடுத்து, வட்டமா வெட்டி, உங்க சர்ச்சில் கிரவுன் மேல ஒட்டி, கையை நீட்டிப் பிடிச்சு அறையில இருக்கறவங்ககிட்ட என்ன தெரியுதுன்னு கேளுங்க. விளக்கம் சொல்லாதீங்க, வாயை மூடிக்கிட்டுக் கேளுங்க.

இந்த டெஸ்ட்டைப் பண்ணாம விட்டா என்ன ஆகும்ங்கறதுக்கு நம்ம நாட்டுலயே சாட்சி இருக்கு. 1911ல அஞ்சாம் ஜார்ஜ் ரூபாய் வந்தது. ராஜா போட்டிருந்த அங்கியில யானை உருவம், அளவு சின்னதானதும் தும்பிக்கை குட்டையா தெரிஞ்சு யானை பன்றியாயிடுச்சு. ஜனங்ககிட்ட எதிர்ப்பு வந்து காயினை நிறுத்தி, 1912ல தும்பிக்கையும் காதும் தெளிவாத் தெரியற மாதிரி யானையைத் திருத்தி அடிச்சாங்க. கலெக்டருங்க இன்னைக்கும் அதை பன்றி ரூபாய்னுதான் சொல்றாங்க. முகத்துல ஒரு குறையும் இல்ல, ஒரு மில்லிமீட்டர் தேறாத யானைதான் காயினையே கவுத்தது. ராணி காயின்ல அந்த யானை இடத்துல இருக்கறது ப்ரூச், மெடல், டயடம் சிலுவை, இதுங்களைத் தனித்தனியா காட்டிக் கேளுங்க.

7. ரிலீஃப்: இங்கதான் நிஜ வேலை

இப்பத்தான் முகம். மாடலைப் பெருசா பண்ணுவோம், 200 மி.மீ. தட்டுன்னு வச்சுக்குங்க, அப்ப காயினை விட 5.2 மடங்கு பெருசு. காயின்ல ரிலீஃப் உயரம் அரை மில்லிமீட்டருக்கும் கம்மியாத்தான் இருக்கும். 0.4 மி.மீ.ன்னா உங்க பெரிய மாடல்ல வெறும் 2 மி.மீ. சொச்சம். ஒரு மனுஷியோட முழுத் தலையை அந்த 2 மி.மீ.க்குள்ள சொல்லணும். அதோட ரிம், அதாவது காயினோட ஓர விளிம்பு, எல்லாத்தையும் விட உயரமா இருக்கணும், இல்லன்னா காயினை அடுக்கறப்ப ராணியோட கன்னம் தேயும்.

*7.1 முழு 3டி தலையை அமுக்கினா ரிலீஃப் ஆகாது.* நெட்ல கிடைச்ச தலை மாடலை எடுத்து ஒரே அச்சுல நசுக்கி கொண்டு வருவாங்க. கன்னம் தட்டையாயிடும், காது விளிம்பு மட்டும் கத்தி மாதிரி நிக்கும். எல்லா ஆழத்தையும் ஒரே விகிதத்துல குறைக்கக் கூடாது. கன்னத்துல இருந்து தாடை திரும்பற இடத்துக்குக் கொஞ்சம் தாராளமா உயரம் கொடுங்க, கன்னத்துக்கும் காதுக்கும் நடுவுல இருக்கற பெரிய ஆழத்தைக் கடுமையா வெட்டுங்க. கண்ணு நம்பறது திருப்பத்தை, மொத்த ஆழத்தை இல்ல.

*7.2 ஃபோட்டோவை ஹைட்மேப் ஆக்காதீங்க.* ஆட்டோமேட்டிக்கா ரிலீஃப் பண்ற டூல்கள்ல பாதி, வெளிச்சத்தை உயரம்னு எடுத்துக்கும். ராணிக்கு வயசான காலத்துல வெள்ளை முடி. டூல் என்ன பண்ணும், முடியை நெத்தியை விட உயரமா தூக்கிடும், கண்ணுல இருக்கற கருவிழியைக் குழி தோண்டிடும். ஸ்க்ரீன்ல பார்த்தா படம் மாதிரியே இருக்கறதால ஏமாந்துடுவீங்க, லைட்டை இடம் மாத்தினா பூதம் மாதிரி இருக்கும்.

*7.3 சரிவு.* டையில இருந்து காயின் வழுக்கி வெளிய வரணும். அதனால எந்தச் சுவரும் நேர் செங்குத்தா நிக்கக் கூடாது, உள்பக்கமா குடையவும் கூடாது. மாட்டற இடம் எப்பவும் அதே இடங்கள்தான்: மூக்குத் துவாரம், மேல் இமைக்கு அடியில, காதுக்குப் பின்னாடி சுருண்ட முடி, கழுத்துச் சட்டை ஓரம். எழுத்துச் சுவருக்கும் சரிவு வேணும், அதை மறக்கறவங்கதான் நிறைய.

*7.4 முத்து மாலை.* ராணின்னாலே மூணு வரிசை முத்து. நிஜ அளவுல ஒரு முத்து அரை மில்லிமீட்டர் வரும், மாடல்ல 2.6 மி.மீ. ஒவ்வொரு முத்தையும் அரை உருண்டையா தனித்தனியா அடுக்குவாங்க, பார்க்க அம்சமாத்தான் இருக்கும். ஆனா முத்துக்கும் முத்துக்கும் நடுவுல இருக்கற கூரான பள்ளம், டையில கூரான மேடா மாறும். காயின்ல பள்ளம்னா டையில மேடு, இதை ஒரு நிமிஷம் யோசிச்சுக்குங்க. அந்த ஊசி மாதிரி மேடுங்க அடி தாங்காம உதிரும், கொஞ்ச நாள்ல முத்து ஒண்ணோட ஒண்ணு ஒட்டின கயிறு மாதிரி காயின் வரும். அதனால முத்தை உருண்டையா பண்ணாம கொஞ்சம் தட்டையாக்கி, நடுப் பள்ளத்தை ஆழம் குறைச்சு, அடியை உருட்டி விடுங்க. எல்லா முத்தையும் ஒரே உயரத்துலயும் வைக்காதீங்க, கழுத்து திரும்பற பக்கம் ஃபீல்டுக்குள்ள (உருவத்தைச் சுத்தின வெறும் பரப்பு) மெல்ல அமுங்கிப் போகட்டும், அப்பத்தான் மாலை கழுத்தைச் சுத்திப் போகுதுன்னு கண்ணு நம்பும்.

*7.5 சுருக்கம்.* வயசான முகத்துல கோடு கோடா கீறி வைக்காதீங்க. சின்ன அளவுல அது சுருக்கமா தெரியாது, கீறல் விழுந்த காயினா தெரியும். கண்ணுக்குக் கீழ பையையும் வாயோர மடிப்பையும் மேடு பள்ளமா சொல்லுங்க, கோடா சொல்லாதீங்க.

*7.6 ரொம்ப அடக்கினாலும் ஆபத்து.* 1953ல மேரி கில்லிக் பண்ண உருவம் எவ்வளவு அழகோ அவ்வளவு மென்மை, அடிச்சப்ப விவரம் சரியா விழல. அப்புறம் செசில் தாமஸ் முடியையும் உடை மடிப்பையும் கூர்மையாக்கித் திருத்த வேண்டி வந்தது. மாடல்ல கொஞ்சம் கடுமையா இருக்கேன்னு தோணினா பரவாயில்ல விடுங்க, சுருங்கறப்ப பாதி கரைஞ்சிடும்.

இதெல்லாம் பார்க்க டேபிள் லேம்ப்பைத் தாழ்த்தி பக்கவாட்டுல வெளிச்சம் அடிச்சு மாடலை மெதுவா ஒரு சுத்து சுத்துங்க. எல்லாக் கோணத்துலயும் அவங்கதான்னு தெரியணும். ஒரே ஒரு வெளிச்சத்துல மட்டும் ராணியா இருக்கறவங்க ஜன்னல் பக்கம் திருப்பினா வேற பாட்டி ஆயிடுவாங்க.

8. ரெண்டு பக்கத்தையும் சேர்த்துப் பாருங்க

முன்பக்கம் பண்றவர் ஒருத்தர், பின்பக்கம் பண்றவர் இன்னொருத்தர், சேர்த்துப் பார்க்க ஆள் இல்ல. இதுல வர்ற பிரச்சனைக்குப் பழைய உதாரணம் அஞ்சாம் ஜார்ஜ் பென்னி. தலை பெருசு, ரிலீஃப் உயரம், அந்தத் தலைக்கு வேண்டிய உலோகம் எல்லாம் முன்பக்கம் ஓடிப் போய், பின்பக்கத்துல இருக்கற பிரிட்டானியா (பிரிட்டனைக் குறிக்கற பெண் உருவம்) மேல ராஜா தலையோட நிழல் பேய் மாதிரி தெரிஞ்சது. 1926ல உருவத்தை மாத்தி, 1928ல தலையையும் சின்னதாக்கித்தான் அடக்கினாங்க.

கொழுக்கட்டை அச்சுல மாவு பத்தலன்னா ஒரு மூலை மொண்ணையா வருமே, அதேதான் இங்கயும். பிளாங்க்ல, அதாவது உருவம் அடிக்காத வெறும் வட்டத் தகட்டுல, இருக்கற உலோகம் ஒரு அளவுதான், முன்னாடி உயரம் கேட்டா பின்னாடி குறையும்.

செய்ய வேண்டியது இதுதான். ரெண்டு மாடலையும் சாஃப்ட்வேர்ல முதுகோட முதுகு ஒட்டுங்க. பிரிட்டிஷ் காயின் ரெண்டு பக்கமும் தலை மேல இருக்கற மாதிரி அடிக்கறாங்க, புத்தகம் புரட்டற மாதிரி திருப்பினா நேரா இருக்கும், அதே மாதிரி வைங்க. சார்லஸ் கன்னத்தோட உயரமான புள்ளிக்கு நேர் பின்னாடி என்ன இருக்குன்னு பாருங்க. ஒரே ஒரு பெரிய ராணி தலையை நடுவுல வச்சிருந்தா மேடும் மேடும் நேருக்கு நேர் முட்டும். ரெண்டு முகமா பிரிச்சா உயரம் ரெண்டு பக்கமும் பிரிஞ்சு நடு இடத்துல பாரம் குறையும். முட்டிச்சுன்னா பின்பக்கத்தை ரெண்டு மூணு மி.மீ. நகர்த்துங்க, இல்ல உயரத்தை இறக்குங்க. முன்பக்கத்துல கை வைக்காதீங்க, அது ராஜா ஒப்புதல் கொடுத்த உருவம், உங்க இஷ்டத்துக்கு மாத்த முடியாது.

9. ப்ரூஃப் பினிஷுக்குத் தனி வரைபடம்

ப்ரூஃப்ல ஃபீல்ட் கண்ணாடி மாதிரி மின்னும், உருவம் பனி படர்ந்த மாதிரி மங்கலா இருக்கும். எது மின்னணும் எது மங்கணும்னு நீங்கதான் கலர் போட்டுச் சொல்லணும், சொல்லலன்னா டை ரூம்ல இருக்கறவர் அவருக்குத் தோணினதைப் பண்ணுவாரு. ராணி முகம் மங்கல், டயடம் கல்லு மட்டும் மின்னல்னு சின்னதா வித்தியாசம் காட்டலாம். மின்னற இடம் அகலமா விட்டா சின்னக் கீறலும் தெரியும், ரொம்பக் குறுக்கினா மங்கலும் மினுக்கும் கலந்து சேறாயிடும்.

10. டைக்குப் போறப்ப

பழைய நாள்ல ஜான்வியே மெஷின்ல பெரிய மாடலைத் தடவித் தடவிச் சின்னதா எஃகுல வெட்டுவாங்க. இப்ப ஸ்கேன் பண்ணி, கம்ப்யூட்டர் சொல்றபடி ஓடற சிஎன்சி மெஷின் வெட்டிடும். அதுக்கப்புறம் வரிசை: மாஸ்டர் பஞ்ச் மேடா இருக்கும், அதை அமுக்கி மேட்ரிக்ஸ் எடுத்தா பள்ளம், அதுல இருந்து வொர்க்கிங் பஞ்ச் திரும்ப மேடு, அதுல இருந்து வொர்க்கிங் டை பள்ளம், டையில அடிச்சா காயின்ல மேடு. ஃபைல் அனுப்பறப்ப எது மேடு எது பள்ளம், எழுத்து நேரா திரும்பியான்னு ஒரு வரி எழுதி வைங்க. எல்லாருக்கும் தெரியும்னு விட்டு, இடவலம் மாறின எழுத்தோட பஞ்ச் வெட்டின கதை இந்தத் தொழில்ல எல்லா ஊர்லயும் உண்டு.

ட்ரயல் அடிச்சு வந்ததும் முகத்தைப் பார்க்காதீங்க. முதல்ல ரிம்மை ஒட்டி இருக்கற எழுத்தைப் பாருங்க, அப்புறம் ஒவ்வொரு பக்கத்துலயும் ரொம்ப உயரமான புள்ளி எதுவோ அது. உலோகம் கடைசியா போய்ச் சேர்ற இடங்கள் அதுதான், அங்க நிரம்பிடுச்சுன்னா மத்த இடத்துல பயம் இல்ல. நிரம்பலன்னா பிரஸ் ஆளுங்க அழுத்தத்தைக் கூட்டறேன்னு சொல்வாங்க, ஒத்துக்காதீங்க, டை சீக்கிரம் விரிசல் விடும். மாடல்ல உயரத்தைக் குறைச்சுத் திரும்ப வெட்டுங்க, செலவுதான், வேற வழி இல்ல.

11. ஒப்புதலுக்கு அனுப்பற கட்டு

பிரிட்டன்ல 1922ல அஞ்சாம் ஜார்ஜ் காலத்துல இருந்து ராயல் மிண்ட் ஆலோசனைக் குழுன்னு ஒண்ணு டிசைன்களைப் பார்க்குது. சிற்பம், எழுத்து, மரபுச் சின்னம்னு ஒவ்வொண்ணுலயும் கரை கண்டவங்க உக்காந்திருப்பாங்க. அதுக்கப்புறம் நிதியமைச்சர், கடைசியா ராஜா. இந்த மாதிரி காயின்ல ராஜா பார்க்கறது அவரோட அம்மா முகத்தைங்கறதை ஞாபகம் வச்சுக்குங்க. தோள் வளைஞ்ச கோணம், உதட்டோர இறக்கம் மாதிரி விஷயத்துல இருந்துதான் திருத்தம் வரும், அதனால முகத்தைத் தனி லேயரா, எழுத்தைத் தனி லேயரா வச்சே அனுப்புங்க.

கட்டுல இருக்க வேண்டியது: நிஜ அளவு பிரிண்ட், அஞ்சு மடங்கு பெரிய பிரிண்ட், நாலு பக்க வெளிச்சத்துல மாடல் படம், உயரக் கணக்கு எழுதின குறுக்கு வெட்டு, ப்ரூஃப் வரைபடம், வருஷமும் எழுத்தும் மட்டும் டைப் பண்ண ஒரு தாள், ரெஃபரன்ஸ் ஃபோட்டோக்களோட உரிமை விவரம். 3டி ரெண்டர்ல தங்க மினுமினுப்பு ஏத்தி அனுப்பாதீங்க, குழுவுல இருக்கறவங்க அதுல மயங்கற ஆளுங்க இல்ல, சாம்பல் கலர் ப்ளாஸ்டர் மாதிரி ரெண்டர் பண்ணி அனுப்பினாதான் ரிலீஃப் நிஜமா எப்படி இருக்குன்னு அவங்களால படிக்க முடியும்.